பதினேழு ஜெர்சிகளும் ஒரு பைக்கற் மஞ்சளும்

வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து நாற்பதுக்குத்தான் எல்லாம் பிழைக்கத் தொடங்கியது. நான் கீழ்த்தளத்தில் வாஷிங் மெசினுக்கு முன்னால் நின்றேன். காலடியில் மகளின் ரக்பி லீக் அணியின் ஜெர்சிப் பை. தொலைபேசி அதிர்ந்தது. தொற்றுப் பரவுவதால் இந்தப் பருவம் இத்தோடு நிறுத்தப்படுகிறது, சனிக்கிழமை ஆட்டம் இல்லை, ஜெர்சிகளைப் பயிற்சியாளர் பிறகு வந்து எடுத்துக்கொள்வார் என்று அணியிலிருந்து செய்தி.

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. ரக்பி லீக் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு பக்கம் பதின்மூன்று பேர், மாற்றுக்கு நான்கு பேர். பந்தை வைத்திருப்பவளை மற்றவர்கள் பாய்ந்து விழுத்துவார்கள். ஆறு தடவை விழுத்தப்பட்டால் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். பிறகு இவர்கள் போய் அவர்களை விழுத்துவார்கள். இதைப் பார்ப்பதற்காக நான் எங்கள் ஸ்ரௌவ்வில்லில் இருந்து நகரத்தின் மறுகோடியில் உள்ள ரெக்ஸ்டேல் வரை கார் ஓட்டிப்போய், காற்றடைத்து நிமிர்த்திய ஒரு பெரிய கூடாரத்துக்குள், மடியில் ஐஸ் பையுடன் உட்கார்ந்திருப்பேன். மகள் இரண்டு பருவமாக மாற்று ஆட்டக்காரிகளின் வாங்கிலேயே உட்கார்ந்திருந்ததால் ஐஸ் பைக்கு வேலை வரவில்லை. நான்தான் அதை நெஞ்சில் வைத்துக்கொள்வேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை அவள் தொடக்கத்திலேயே இறங்குவதாக இருந்தது. பதின்மூன்றாம் இலக்க ஜெர்சி உனக்கு என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். செய்தியைக் காட்டியபோது அவள் அழவில்லை.

"இட்ஸ் ஓகே, அப்பா. பதின்மூண்டு என்ரதான். அடுத்த சீசன் போடுவன்."

பயிற்சியாளர் வட இங்கிலாந்திலிருந்து வந்தவர், நம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கக்கூடிய பெண்மணி. ஜெர்சியை மதிக்காதவள் ஜெர்சி போட மாட்டாள் என்பது அவருடைய சட்டம். நனைந்த ஜெர்சியைக் காருக்குள் மறந்துவிட்ட ஒரு பிள்ளையிடமிருந்து இலக்கத்தையே பறித்தவர். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் ஒரு குடும்பம் பையைக் கொண்டுபோய், எல்லாவற்றையும் வெள்ளையாய்த் தோய்த்துக் கொண்டுவர வேண்டும். அந்தக் கிழமை எங்கள் முறை.

பையைத் தூக்கியபோதுதான் நினைவு வந்தது. அதை என்னிடம் தந்த இன்னொரு பிள்ளையின் தாய், தருவதற்கு முன் அதன் மேல் தும்மியிருந்தார்.

சவர்க்காரம் போதும் என்று தொலைக்காட்சி சொன்னது. மஞ்சள் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு சொன்னது. நான் படித்தவன். இரண்டையும் செய்வதென்று முடிவெடுத்தேன்.

குளியல் தொட்டியில் சுடுதண்ணீர் நிரப்பி, ஒரு பைக்கற் மஞ்சள்தூளை முழுதாகக் கொட்டி, பதினேழு ஜெர்சிகளையும் ஊறவைத்தேன். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். கிருமி சாகுமா என்பது மட்டும்தான் கேள்வியாக இருந்தது. வெள்ளைத் துணியின் கதி என்னவென்று எனக்குள் யாரும் கேட்கவில்லை.

மனைவி படியேறி வந்தாள்.

"இஞ்சருங்கோ, என்ன மணம் உது? ஆருக்குச் சமைக்கிறியள்?"

"கிருமி சாகட்டும் எண்டு போட்டனான்."

அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "கிருமி சாகுதோ தெரியேல்லை. பிள்ளை உங்களைக் கொல்லப்போறாள்."

அப்போதுதான் பயம் பிடித்தது. சவர்க்காரத் தூளை அள்ளிப் போட்டேன். தண்ணீர் குங்குமச் சிவப்பாக மாறியது. மஞ்சளோடு சுண்ணாம்போ சவர்க்காரமோ சேர்ந்தால் சிவக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். தொட்டிக்கு முன்னால் முழங்காலில் நிற்கும்போது அது ஞாபகம் வரவில்லை.

மகள் கதவடியில் நின்றாள். "அப்பா. இஸ் தட் பிளட்?"

"இல்லையம்மா. மஞ்சள்."

"மஞ்சள் வந்து யெல்லோ, அப்பா."

அலசி முடித்தபோது அவள் சொன்னது சரியாகிவிட்டது. பதினேழும் மஞ்சள். அவள் பதின்மூன்றாம் இலக்கத்தைத் தேடி எடுத்து, தோளோடு பிடித்துக் கண்ணாடியில் பார்த்தாள்.

"டீம் முழுக்கச் சொதிக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு. கோச் எனக்கு இதைத் தரமாட்டா. ஐ நெவர் ஈவன் வோர் இட்." இப்போது அழுதாள்.

"வெயிலில போடுங்கோ," என்றாள் மனைவி. "வெயிலுக்கு மஞ்சள் போகும்."

"இந்த மாசத்தில எந்த வெயில்?"

"இருக்கிற வெயில். என்னோட கதைச்சுக்கொண்டு நிக்காமல் போடுங்கோ."

பின்வளவில் பனியின் மேல் கயிறு கட்டிப் போட்டேன். ஜெர்சிகள் ஈரத்தோடு உறைந்து, கைகளை விரித்தபடி பலகைபோல் விறைத்து நின்றன. ஒரு முழு அணியும் வளவுக்குள் நிற்பதுபோல் இருந்தது. ஆட்கள் கூட்டமாகக் கூடக்கூடாது என்று அறிவித்திருந்த நேரம். பக்கத்து வீட்டுக்காரர் யன்னலுக்குள்ளிருந்து விரலால் எண்ணுவது எனக்குத் தெரிந்தது.

வேலை வீட்டிலிருந்துதான் என்பதால், கணினியில் கூட்டம் நடக்கும்போதே ஓடிப்போய், மோர் மிளகாய் திருப்புவதுபோல் ஒவ்வொன்றாய்த் திருப்பிவிட்டு வருவேன். மகள் என்னோடு பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் யன்னலடிக்குப் போய்ப் பதின்மூன்றை மட்டும் பார்ப்பாள். வெயில் பட்ட இடம் வெளுத்தது. அக்குளும் மடிப்பும் கழுத்துப் பட்டியும் மஞ்சளாகவே நின்றன. இன்றைக்கும் பக்கத்தில் யாராவது தும்மினால் என் கை தன்பாட்டில் சமையலறை அலுமாரிப் பக்கம் போகிறது. மனைவி மஞ்சளை இடம் மாற்றி வைத்திருக்கிறாள்.

பனி உருகிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சியாளர் வந்தார். முகக்கவசத்தோடு எங்கள் டிரைவ்வேயின் அந்தக் கரையில் நின்றார். மகள் பையைப் பாதி வழியில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். நான் ஆங்கிலத்தில் ஒரு விளக்கத்தைப் பாடமாக்கிக்கொண்டு கராஜ் வாசலில் நின்றேன்.

அவர் ஒரு ஜெர்சியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடுத்ததை எடுத்தார். முகக்கவசத்தை இறக்கி மணந்து பார்த்தார்.

"இதற்கு என்ன நடந்தது?"

நான் பாடமாக்கியதன் முதல் வரியைத் தொடங்குமுன் மகள்தான் ஆங்கிலத்தில் சொன்னாள். "அப்பா எங்கள் பதினேழு பேரையும் காப்பாற்றப் பார்த்தார்."

பயிற்சியாளர் முகக்கவசத்தை மறுபடி ஏற்றிக்கொண்டார். பிறகு பைக்குள் கையை விட்டுத் துழாவி, பதின்மூன்றாம் இலக்கத்தை எடுத்துப் பந்துபோல் சுருட்டி, டிரைவ்வேயின் மேலால் எறிந்தார். மகள் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

"அதை நீயே வைத்திரு," என்றார். "அடுத்த பருவம் போட்டுக்கொண்டு வா. உன் அப்பாவிடம் மட்டும் தோய்க்கக் கொடுக்காதே."