சரசு குடிக்காத தண்ணீர்

அரியலூரில் சுண்ணாம்புக்கல் உடைத்து, யார் தயவும் இல்லாமல் இரண்டு லாரி வாங்கி, செந்துறையில் மாடி வீடும் கட்டியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்புதான்.

என் மனைவி சரசுவுக்குச் சினைப்பையில் புற்றுநோய் வந்தது. முதலில் கொடுத்த மாத்திரையால் சிறுநீரகத்துக்குத் தொல்லையில்லை. பிறகு போட்ட ஊசி அதைக் கெடுக்கும், அதைத் தடுக்க வீட்டுக்குப் போன பிறகும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"குடிச்சியா?" என்பேன்.

"குடிச்சேங்க" என்பாள்.

கால் வீங்கிய பிறகுதான் உண்மையைச் சொன்னாள். "பட்டப்பகல்ல எந்தக் காட்டுக்குப் போறதுங்க? வூட்டுல கக்கூஸா கட்டி வச்சிருக்கீங்க?"

சிறுநீரகம் கெட்டு இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் கழிப்பறை கட்டினேன். இப்போது யாருக்காவது அந்த ஊசி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், நேரில் போய் முதலில் கழிப்பறையைக் கட்டச் சொல்கிறேன்.

மருந்துதான் அவளைக் கொன்றது என்கிறார்கள் ஊரில். அதில் என் பங்கையும் சேர்த்து, என் பெயரோடு உங்கள் பத்திரிகையில் அச்சிடுங்கள்.