என் உயரத்துக்கு ஒரு வாழைமரம்

அக்காவுக்குக் குழி வெட்டி முடித்த பிறகுதான் விமானம் வராது என்று சொன்னார்கள்.

சவூதியில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தவள், நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கேயே முடிந்துபோனாள். சவப்பெட்டியை ஊருக்குக் கொண்டுவர நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. ஒருவழியாக வெள்ளிக்கிழமை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கிவிடும் என்றார்கள். அம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "மூஞ்சிய ஒருக்கா பாத்துட்டா போதும், அதுக்கப்புறம் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிணத்தைக் கழுவி உடுத்தி அடக்கத்துக்குத் தயாராக்கித் தருகிற யட்டியாந்தோட்டை மலர்ச்சாலைக்காரரும், "வந்த அன்னைக்கே கொண்டாந்தா தொறந்து காட்டலாம். நாள் போச்சுன்னா தொறக்கவே கூடாது" என்று சொல்லியிருந்தார்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் குழி வெட்டப் போகிறவர்களுக்கு அன்றைக்கு வேலை செய்ததாகவே பேர் போடுவார்கள். வியாழக்கிழமைக்கு ஆபீசில் பேர் வாங்கியாகிவிட்டது. பெட்டி வரட்டும், பிறகு வெட்டலாம் என்று நான் சொன்னதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? சாவு வீட்டில் பொம்பளைப் பேச்சுக்கு என்ன மதிப்பு! மத்தியானத்துக்குள் வெட்டி முடித்து, மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் சந்திக்கடை முதலாளி ஓடிவந்தார். சிங்களவர், எங்களோடு நன்றாகப் பழகுகிறவர். "அனே நங்கி, ப்ளேன் யன்னே நே" என்றார். விமானங்கள் ஓடவில்லையாம். அவர் கடை டிவியில் போய்ப் பார்த்தோம். ஆப்பிரிக்காவில் எங்கேயோ எரிமலை வெடித்து, சாம்பல் மேகம் அரபு நாட்டுப் பக்கம் பரவிக்கொண்டிருந்தது. அதற்குள் பறந்தால் சாம்பல் எஞ்சினுக்குள் போய் உருகி ஒட்டி, எஞ்சினே நின்றுவிடுமாம். விமான நிலையத்துத் தரையில் சனங்கள் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடந்தார்கள். ஒரு தாய் பிள்ளைக்குப் பால் கரைக்கச் சுடுதண்ணீர் கேட்டு அலைந்துகொண்டிருந்தாள்.

வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"சாம்பலா?" என்றாள். "நான் தெனம் அதுலதானே சட்டி வெளக்குறேன். அதுக்குப் பயந்துக்கிட்டா எம்புள்ளைய நிப்பாட்டி வச்சிருக்காங்க?"

இது அடுப்புச் சாம்பல் இல்லை, கல்லும் கண்ணாடியும் அரைத்த தூள் மாதிரி என்று விளக்கினேன். அவள் வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தாள். எங்கள் தலைக்கு மேலே ஒரு பொட்டுச் சாம்பல் கிடையாது.

கொழும்பிலிருந்த ஏஜென்டுக்குப் போன் போட்டேன். நடுவழியில், விமானம் மாற்றுகிற இடத்தில் பெட்டி நிற்கிறதாம். "பயப்படாதீங்க தங்கச்சி, பயணிங்க எல்லாருக்கும் ஓட்டலும் சாப்பாடும் குடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றார். காலையிலிருந்து எத்தனை பேருக்கு அதையே ஒப்பித்தாரோ. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"எங்க அக்காவுக்கு எந்த ஓட்டல்லங்க ரூம் போட்டிருக்கீங்க?"

"மன்னிச்சிருங்க" என்றார். பாவம் அந்த மனுசன். எரிமலையை ஏச முடியாது, அதனால் அவருக்கு விழுந்தது.

இதற்குள் கோயில் தலைவர் குழியைப் பற்றிப் பேச்செடுத்தார். "வெட்டுன குழிய வெறுமனே விட்டா ஆகாதும்மா, இன்னொரு உசுர கேக்கும்" என்றார். எங்கள் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் ஒருத்தி நிறைமாதமாக இருந்தாள். அவள் புருசன் தலைவர் பின்னாலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றான். மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. அக்காவுக்குப் பதிலாக வாழைமரம் ஒன்றை வெட்டிப் புதைத்துவிடலாம் என்று முடிவானது.

"எம்புட்டு நீளத்துக்கு வெட்டுறது?" என்று ஒருவர் கேட்டார். அம்மா என்னைக் காட்டினாள்.

"இவ ஒசரந்தான் அவளும்."

கயிறு கொண்டுவந்து உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் என்னை அளந்தார்கள். கயிறு நெற்றியில் உரசியது. அளந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோடித் துணி சுற்றி அதைத் தூக்கிப் போனார்கள். ஒரு மரத்துண்டுக்கு இத்தனை சடங்கா என்று எனக்கு எரிச்சல்தான். ஆனால் அம்மா மாரில் அடித்துக்கொண்டு, "ஏங் கண்ணு, என்னைய விட்டுட்டுப் போறியே" என்று விழுந்து புரண்டபோது நானும் வாய்விட்டு அழுதேன்.

மேகம் கலைந்து விமானங்கள் ஓடத் தொடங்கியதும், காத்துக்கிடந்த பயணிகளை முதலில் ஏற்றினார்களாம். நியாயந்தான். அக்கா யாரிடம் போய்ச் சண்டை போடப்போகிறாள்? அவளுடைய பெட்டி மறுவாரம்தான் வந்தது. மலர்ச்சாலைக்காரர் மூடியைத் திறக்காமலே ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். தலைவர் அம்மா பக்கத்தில் போனார்.

"வேணாம் தங்கச்சி. நல்லா இருந்த மூஞ்சியே ஒன் மனசுல இருக்கட்டும்."

கத்துவாள் என்று நினைத்து நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் கத்தவில்லை. பெட்டி மேல் கையை வைத்தாள்.

"வாழமரத்த பொதச்சப்ப எங் கண்ணால பாத்தேன். இதுக்குள்ள இருக்கிறது எம்மகதான்னு யாரு பாத்தா?"

தலைவர் பெட்டியைத் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மூடிய குழியைத் திரும்பத் தோண்டக் கூடாது என்று பக்கத்திலேயே இன்னொன்று வெட்டியிருந்தார்கள். எல்லோரும் வரிசையாக மண் போட்டோம். அம்மா கைநிறைய மண்ணை அள்ளினாள். அதைக் கொண்டுபோய் வாழைமரத்தைப் புதைத்த பழைய மேட்டில் போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

இன்றைக்கும் அங்கேதான் அவள் சூடம் கொளுத்துகிறாள். அக்காவுக்கு நான்தான் கொளுத்துகிறேன்.