தோன் எராஸ்தோவின் எரியாத கால்

தோன் எராஸ்தோவுக்குச் சர்க்கரை நோய் வந்தது பயத்தால். அத்லிஸ்கோ ஊரில் வேன் ஓட்டும், எல்லோரும் மரியாதையாகத் 'தோன்' போட்டுக் கூப்பிடும் அவரிடம் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். மாமியார் வீட்டுக் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அவரைக் கக்கூசுக்குள் அடைத்து வைத்த அன்று, ரத்தம் அப்படியே இனித்துப்போய்விட்டதாம். முப்பது வருடமாகத் தினமும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பெரிய பாட்டில் கோலாவைக் காலி செய்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாவம் கோலா, அது யாரை முட்டியது? ஊரில் பாதிப் பேருக்கு இப்படிப் பயந்துதான் சர்க்கரை வந்திருக்கிறது என்பதால், அவரை மறுத்துப் பேச ஆளும் இல்லை.

அவருடைய கவலையெல்லாம் கால்தான். அவர் மகளுக்கு ஞானத்தகப்பனான இலாரியோனுக்குப் போன வருடம் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். "ஊசி போட்டாங்க, கால் போச்சு" என்று எராஸ்தோ அந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடுவார். இலாரியோன் ஆஸ்பத்திரிக்குப் போனபோதே பாதம் கரிக்கட்டையாகத்தான் இருந்தது என்பது கதைக்கு வேண்டாத விவரம். ஆகவே தன் காலைக் காப்பாற்றிக்கொள்ள, டாக்டர் கொடுத்த மாத்திரைகளை மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிட்டு அவர் இயற்கையிடம் போனார்.

இயற்கையும் அவரைக் கைவிடவில்லை. கொல்லையில் சப்பாத்திக்கள்ளி காடாக நின்றது. தினமும் காலையில் ஒரு மடலை வெட்டி, முள்ளைச் சீவி, அன்னாசியோடு அரைத்துக் குடிப்பார். கள்ளி ஒரு துடைப்பம் மாதிரி, முதலில் குடித்துவிட்டால் பின்னால் வருவதையெல்லாம் பெருக்கித் தள்ளிவிடும் என்பது அவர் சித்தாந்தம். துடைப்பத்துக்கு வேலை வேண்டாமா? உடனே தேகப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார். வீட்டிலிருந்து சந்தைச் சதுக்கம் வரை நடை. அங்கேதான் ரெஃபூஹியோ தமால் விற்கிறாள். வேகவைத்த அந்தச் சோளமாவு உருண்டையை ரொட்டிக்குள் திணித்து இரண்டு தின்பார். வயிறு நிறைந்தபின் நடப்பது உடம்புக்கு ஆகாது என்று, திரும்பும்போது யார் வண்டியிலாவது ஏறிக்கொள்வார்.

சந்தையில் மூலிகை விற்கும் சிரீலா ஒருநாள், "வெறுங்காலோட பனிப்புல்லுல நடங்க, சர்க்கரை மண்ணுல இறங்கிடும்" என்றாள். வீட்டில் புல்தரை ஏது? கள்ளிக் கொல்லையிலேயே வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நாளில் அற்புதம் நடந்தது. வருடக்கணக்காக அவரைத் தூங்கவிடாமல் செய்த பாத எரிச்சல் நின்றுபோனது. எராஸ்தோவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா, தோன் எராஸ்தோ?" என்றாள் ரெஃபூஹியோ.

"எதுக்குத் தாயி? அவன் படிச்சது புஸ்தகம், நான் குடிச்சது கள்ளி. இப்ப நெருப்புல நடக்கச் சொல்லு, நடந்து காட்டறேன். இன்னொரு தமால் வை."

அந்த ஞாயிற்றுக்கிழமை கொல்லையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். அவர் மனைவி ஒப்துலியா தரையைப் பார்த்தாள். கொல்லைக் கதவிலிருந்து நாற்காலி வரை ஈரமாகக் கறை.

"யோவ், காலைக் காட்டு."

"சாப்பிட விடமாட்டியா?"

அவள் கீழே உட்கார்ந்து அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்தாள். குதிகாலுக்குப் பக்கத்தில் கள்ளிமுள் ஒன்று ஆழமாக ஏறியிருந்தது. சுற்றிலும் வீங்கி, வெளுத்து, சீழ் கட்டி நாற்றமடித்தது. இன்றைக்குக் குத்திய முள் இல்லை. ஒப்துலியாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"எப்பய்யா குத்துச்சு இது?"

"எது?"

அவள் புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்து வந்தாள். அதைக் கண்டதும் அந்த வீராதி வீரர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"மெதுவா எடு. சொல்லிட்டு எடு. ம், ஆரம்பி."

"எடுத்தாச்சு."

கண்ணைத் திறந்தார். முள் அவள் உள்ளங்கையில் கிடந்தது, விரல்நகம் அளவுக்கு.

"விளையாடாத ஒப்துலியா."

அவள் கட்டைவிரலால் அவர் பாதத்தை அழுத்தினாள். "இது தெரியுதா?"

குனிந்து பார்த்தார். அவள் விரல் சதைக்குள் அமுங்கியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கால் மட்டும் யாருடையதோ போலக் கிடந்தது. இலாரியோனும் எரிச்சல் நின்றுவிட்டது என்று சொல்லித்தான் ஒரு காலத்தில் எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தான். அது இப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"இன்னும் அழுத்து," என்றார். "நல்லா அழுத்துடி. வலிக்கட்டும்."

அவள் நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள். பிறகு காலை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். "கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதற்கெல்லாம் எதிர்ப்பேச்சு பேசியவர், இப்போது தலையாட்டினார். பிறகு மற்றக் காலை அவள் பக்கம் நீட்டினார். "இதையும் பாத்துடு."

அவள் மறுபடி உட்கார்ந்து அந்தப் பாதத்தை மடியில் வாங்கிக்கொண்டாள். அவர் கண்ணை மூடிக் காத்திருந்தார்.

"அழுத்தேன், ஏன் சும்மா இருக்க?" என்றார்.

"அழுத்திக்கிட்டுதான்யா இருக்கேன்."