கண்ணு எந்த நாடுங்க?

மொழிபெயர்ப்பாளனுக்கு வாய் இரண்டு. சொந்தப் பேச்சுக்கு அதில் ஒன்றும் கிடையாது. ஆராய்ச்சிக்கு வருகிறவர்களின் ஆங்கிலத்தைக் கொல்லிமலை விவசாயிகளுக்குத் தமிழிலும், அவர்கள் சொல்வதை இவர்களுக்கு ஆங்கிலத்திலும் சொல்வது என் வேலை. வீட்டில் இரண்டு பேருக்கு நடுவே தூது போய், இருவரிடமும் திட்டு வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் இனம்தான்.

எந்த நாடு?

சாமைப் பயிரைப் பற்றி ஆராய வந்தவர் சொரையா. ஆப்கானிஸ்தான் பெண், நம் பக்கத்து வேளாண்மைக் கல்லூரி ஒன்றில் படிக்கிறார். வாழவந்தி நாட்டில் சடையன் என்ற விவசாயியின் சாமைக் காட்டுக்கு அவரை அழைத்துப் போனேன்.

"கண்ணு எந்த நாடுங்க?" என்று சடையன் கேட்டார். இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. எனக்கும் அது தெரியும். ஆனாலும் பழக்கதோஷம், தேசம் என்றே மொழிபெயர்த்துவிட்டேன். "ஆப்கானிஸ்தான்" என்றார் சொரையா. சடையன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"நானும் மலையில எல்லா நாட்டுலயும் பொண்ணு பாத்தவனுங்க, இந்தப் பேரைக் கேட்டதில்லியே. செம்மேட்டுல பஸ் மாறோணுமா?"

படி

சாப்பாட்டின்போது சடையனின் மனைவி பழனியம்மா கேட்டார்: "அங்க பள்ளிக்கூடம் இல்லாமயா இவ்வளவு தூரம் வந்துச்சு?" சொரையா நிதானமாகச் சொன்னார். துப்பாக்கியோடு ஆட்சியைப் பிடித்தவர்கள் மதத்தின் பெயரைச் சொல்லி, வளர்ந்த பெண்களின் பள்ளிகளையும் கல்லூரிகளையும் பூட்டிவிட்டார்கள். அதை எதிர்த்துத் தெருவில் நின்ற அவருடைய ஆசிரியையை அடித்து இழுத்துப் போனார்கள்.

பழனியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "பொம்பளப் புள்ளைவ படிக்கக் கூடாதுன்னு அவங்க சாமியே சொல்லிருச்சுங்களா?"

"எங்கள் வேதத்தில் முதலில் இறங்கிய சொல்லே 'படி' என்பதுதான்" என்றார் சொரையா. அதை அப்படியே தமிழில் சொன்னேன். சடையன் முகம் மலர்ந்தது. "நாங்களும் சாமிக்குப் படிதானுங்க வெக்கிறோம். புதுச் சாமையில ஒரு படி!" இது அளக்கிற படி அல்ல, படிக்கிற படி என்று நான் விளக்குவதற்குள் பழனியம்மா முந்திக்கொண்டார்.

"அப்ப சாமி சொன்னது ஒண்ணு, துப்பாக்கிக்காரன் காதுல உழுந்தது ஒண்ணு. அங்கயும் உங்களாட்டம் ஒருத்தர் நடுவுல நின்னிருப்பாருங்க சார்!"

தெரிந்த டிரைவர்

மறுவாரம் சொரையாவுக்கு வேலையில் மனம் செல்லவில்லை. தங்கை நஸ்ரினுக்கும் இங்கே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் அவள் முதலில் எல்லையைத் தாண்ட வேண்டும். ஆண் துணை இல்லாத பெண்களைக் காவலர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். துணை இருந்தாலும் நிச்சயமில்லை. வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள், அதன்பின் தகவல் இல்லை. கதிரடிக்கும் பாறையில் மட்டுமே சிக்னல் கிடைக்கும் என்பதால் சொரையா அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

நான் சொல்லி விவரம் தெரிந்துகொண்ட பழனியம்மா என்னிடம் வந்தார். "எங்க புள்ளையும் பிளஸ் டூவுக்குப் பக்கத்து நாட்டுக்குத்தான் பஸ்ல போவுது. டிரைவர் எனக்குத் தம்பி முறை, பயமில்ல. அங்க டிரைவர் தெரிஞ்சவரான்னு கேளுங்க சார்." இதை எப்படிச் சொல்வது? நாட்டையும் தேசத்தையும் பிரிக்கப் பார்த்துத் தோற்று, உள்ளபடியே சொல்லிவிட்டேன். அன்று முதல்முறையாகச் சொரையா சிரித்தார்.

"தெரிந்தவர்தான். என் மாமாவின் மாதுளை லாரியில், முன் சீட்டில் வருகிறாள் என்று சொல்லுங்கள்."

போன் வந்தது

அந்த வாரக் கடைசியில், கதிரடிப்பு நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. சொரையா துள்ளி எழுந்து ஏதோ கத்தினார். அது அவருடைய தாய்மொழி. எனக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. கடமை தவறாமல் அருகில் போய், அதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டேன். அவர் அழுதுகொண்டே சிரித்தார். அதற்குள் பழனியம்மா முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். இருவர் முகத்திலும் சாமை உமி. சடையனோ பாறை விளிம்பில் நின்று, கீழ்க்காட்டுக்காரர்களுக்குக் கேட்கும்படி, "நம்ம கண்ணோட தங்கச்சி தாண்டிருச்சு!" என்று கூவிக்கொண்டிருந்தார்.

செய்தியை முறைப்படி அறிவிக்க நான் தொண்டையைச் செருமினேன். பழனியம்மா திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இதையும் நீங்க சொல்லித்தான் எங்களுக்குப் புரியோணுமா?"

மொழிபெயர்ப்பாளன் தேவைப்படாத நாள்தான் இந்தத் தொழிலில் ஆக நல்ல நாள். இதை என்னை வேலைக்கு வைத்தவர்களுக்கு மட்டும் யாரும் மொழிபெயர்த்துச் சொல்லிவிடாதீர்கள்.