துரைராசு மேட்டில் விட்ட நாற்று

நன்னிலத்துக்குத் தெற்கே ஃபிளோரா குத்தகைக்கு எடுத்திருந்த வயல் சரியான பள்ளம். ஒரு மழை அடித்தால் குளமாகிவிடும், நாற்று தங்காது. அதனால் பக்கத்து வயல்காரர் துரைராசுவின் மேட்டில்தான் வருஷாவருஷம் விதைப்பாள். அவர் பாதி, இவள் பாதி. நடுவில் ஒரு குச்சிகூட நட்டதில்லை. அண்ணன், தங்கச்சி என்று பழகிவிட்டு எல்லை போட்டால் நன்றாகவா இருக்கும்?

இந்த ஐப்பசியில் மகள் சான்ட்ராவின் பிரசவத்துக்குத் தஞ்சாவூர் போனபோதும், "அண்ணே, நாத்த ஒரு கண்ணு பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"நீ நிம்மதியாப் போ தங்கச்சி" என்றார் மனுஷன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார் போங்கள்! திரும்பி வந்து, நடவு ஆட்களோடு போய் நின்றால், நாற்றங்கால் முழுக்க வெறும் சேறு.

"என்னுத நட்டாச்சு. மச்சானுக்கு நாத்து அழுகிப்போச்சுன்னு வந்து நின்னான், உன்னுதக் குடுத்துட்டேன். நீ வர நாளாகும்னு நெனைச்சேன்" என்றார், பல் குத்திக்கொண்டே.

இனி விதைத்து நாற்றெடுக்கப் பருவம் இல்லை. சம்பா நடாமல் போட்டால் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவேன் என்று நிலக்காரர் முன்பே சொல்லியிருந்தார். புருஷனும் போய்ச் சேர்ந்தாயிற்று. அந்த வயலை விட்டால் ஃபிளோராவுக்கு வேறு கதி ஏது? "மாதாவே, இப்படி நடுத்தெருவுல விட்டுட்டியே!" என்று சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நடவுக்கு வந்திருந்த கண்ணாத்தாள்தான் கைகொடுத்துத் தூக்கினாள். "அழுவாதக்கா. எங்க தெருவுல ஒருத்தருக்கு நாத்து மிச்சம் கெடக்கு. கேட்டு வாங்கிடுறேன். காலையில நட்டுடலாம்."

ஃபிளோரா கையை உதறினாள். "என் நாத்தப் பறிச்சது யாரு? இந்த ஊர்ல நாத்துப் பறிக்கிறது உங்க ஆளுங்கதானே? நீயும் அந்தாளோட கூட்டுதானே?"

"நானாக்கா? உன் வயல்லயே குனிஞ்சு நிமிந்தவளாச்சே நான்!"

"ஒருத்தரையும் நம்ப மாட்டேன் இனிமே. போயிடு."

கண்ணாத்தாள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நாற்றைப் பறித்தது துரைராசுவின் மச்சானே வண்டியில் கூட்டிவந்த வெளியூர் ஆட்கள் என்று டீக்கடையில் சொன்னபோது மூன்றாம் நாள் ஆகிவிட்டது. ஃபிளோரா விழுந்தடித்துக்கொண்டு கண்ணாத்தாள் வீட்டுக்கு ஓடினாள்.

"கட்டிவச்ச நாத்துக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டே நேத்து பூரா உக்காந்திருந்தேன்க்கா, நீ வந்துடுவேன்னு. வாட ஆரம்பிச்சிடுச்சு. இப்பத்தான் வேற ஆளுக்குத் தூக்கிக் குடுத்தேன்" என்றாள் கண்ணாத்தாள்.

ஃபிளோரா அவள் வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வேறு எங்கும் நாற்று கிடைக்காமல் வயல் தரிசாகவே கிடந்தது. தையில் குத்தகை கைமாறியது.