தையலுக்குள் போன மனை எண்கள்

பத்ருன்னிசா காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்துக்குத் தட்டச்சராக வந்தது எழுபத்தெட்டில். மூன்று மாதத்துக்குத் தற்காலிகம் என்றார்கள். பத்து வருஷத்தில் அவள் நாற்காலிக்கு இரண்டு தடவை கால் மாற்றினார்கள். அந்தத் 'தற்காலிகம்' மட்டும் மாறவில்லை. நிரந்தரமாக்கச் சொல்லி அவளே டைப் அடித்த மனுக்கள் புதுச்சேரிக்குப் போயின. போனதெல்லாம் போனதுதான்.

எண்பத்தெட்டில் கம்ப்யூட்டர் வந்தது. மேனேஜர் வைத்தியலிங்கம் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எல்லோரையும் செருப்பை வாசலில் விடச் சொன்னார். தொடத்தான் பயம்.

"நீங்களே பாத்துக்குங்கம்மா. இந்த லிஸ்ட்ட முடிச்சுக் குடுத்தீங்கன்னா நிரந்தரத்துக்கு நானே எழுதுறேன்."

லிஸ்ட் என்பது கிளிஞ்சல்மேட்டு மீனவர்களுக்கு மனைப்பட்டா கொடுக்கும் பட்டியல். அறுபது பக்கம். காகிதம் பற்றாக்குறை, தாளின் இரண்டு பக்கமும் அச்சிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அந்தப் பிரிண்டருக்கு ஒரு பக்கம்தான் தெரியும். திருப்பிப் போடுவது மனுஷர் பாடு.

முதலில் ஒற்றைப்படைப் பக்கங்களை அடித்தாள். பிறகு இரட்டைப்படைக்கு அடுக்கின் மேலிருந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பிச் செருகினாள். ஒன்றாம் பக்கத்தின் முதுகில் அறுபதாம் பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டது. சரி என்று அடுக்கையே கவிழ்த்து வைத்தாள். வரிசை வந்தது, எழுத்து தலைகீழ்.

"வௌவாலுக்குத் தோதா இருக்குக்கா" என்றான் அட்டெண்டர் செல்லையன்.

தாள்களின் மேல் மூலையில் பென்சில் புள்ளி வைத்தாள். புள்ளி முதலில் நுழைந்தால் எழுத்து நேராக வந்தது. அப்பாடா என்று அறுபது பக்கத்தையும் அடித்து, இடப்பக்கம் தைத்துக் கொடுத்தாள்.

நாலாம் நாள் கிளிஞ்சல்மேட்டுக் காசியம்மா மீன்கூடையோடு வந்து நின்றாள். "எம் பேரு இருக்குங்கிறாங்க, மனை நம்பரு இல்லங்கிறாங்க. அப்ப நான் பேருலயா குடியிருக்கிறது?"

பிரித்துப் பார்த்தால், பின்பக்கங்களில் எல்லாம் கடைசிக் கட்டத்தில் இருந்த மனை எண் தையலுக்குள் போயிருந்தது. பாதி ஊருக்கு மனையில்லை.

வைத்தியலிங்கம் அலுவலகமே கேட்கும்படி சொன்னார்: "உங்க ஊட்டு அரபு புக்கெல்லாம் வலப்பக்கந்தானே தச்சிருக்கும்? அந்தப் பழக்கத்த இங்கயும் கொண்டாந்துட்டீங்களா?"

சிரித்தார்கள். பத்ருன்னிசா கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய வாப்பா அல்லா பிச்சை, தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ்ப் புத்தகங்களைத் தைப்பவர். அந்தத் தாள்கள் கண்முன் வந்தன. வலப்பக்கம் தைக்கிறார், அதனால் மார்ஜினையும் வலப்பக்கம் அகலமாக விடுகிறார். நம் தாளைத் திருப்பினால் தையல் வலப்பக்கம்தானே வருகிறது! முன்பக்கத்துக்கு இடது மார்ஜின், பின்பக்கத்துக்கு வலது மார்ஜின். குத்திக்காட்ட வந்த மனிதர் வழியைக் காட்டிவிட்டுப் போயிருந்தார்.

மறுபடி அடித்தாள். ஓர் எண்ணும் சாகவில்லை.

"எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி மெஷினுக்கு மேல ஒட்டிடுங்க" என்றார் வைத்தியலிங்கம். "நிரந்தரத்துக்கு இதவிட வேற என்னா அத்தாட்சி வேணும்?"

ஆறு வரி, முத்துமுத்தாக எழுதி ஒட்டினாள்.

மூன்றாம் மாதம் உத்தரவு வந்தது. கணிப்பொறியை இயக்கும் முறை எழுத்தில் உள்ளதால் எவரும் இயக்கலாம். தற்காலிகத் தட்டச்சர் தேவையில்லை. அதை அந்த மெஷினிலேயே ஒரே தாளில் இரண்டு பக்கமும் அச்சிட்டு மேனேஜரே நீட்டினார். அவள் முதலில் பார்த்தது பின்பக்க மார்ஜினை. சரியாக இருந்தது.

பையை எடுக்கப் போனபோது சுவரைக் கவனித்தாள். அவள் கையெழுத்துத் தாள் போய், அச்சடித்த தாள் வந்திருந்தது. அடியில் வைத்தியலிங்கத்தின் ஒப்பம். ஐந்தே வரி. பென்சில் புள்ளி வைக்கச் சொன்ன வரியைக் காணோம். ஒரு தாளுக்கு அது வேண்டாம். அறுபது பக்கத்துக்கு வேண்டும்.

செல்லையன் பக்கத்தில் வந்தான். "விடுங்கக்கா. அடுத்த வாரம் திருவேட்டக்குடி லிஸ்ட்டு. தலகீழா வரட்டும், அப்பத் தெரியும் இவருக்கு."

"இவருக்கு என்னாடா தெரியும்? அலையப்போறது அந்த ஜனம்."

மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து, ஒப்பத்துக்கு மேலே கிடைத்த இடுக்கில் ஆறாவது வரியை எழுதினாள். பென்சிலைத் திருப்பி வைக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டினாள். பத்து வருஷத்தில் அவள் அங்கிருந்து கொண்டுபோனது அந்தப் பென்சில் ஒன்றுதான்.