மூன்று முதலிடம் உள்ள பந்தயம்

என் மகளின் புருசன் ஓட்டோ ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் கதிரையில் சாய்ந்துகொண்டு கைபேசியில் வெளிநாட்டுக் கார்ப் பந்தயம் பார்ப்பார். ஒரு பகலும் ஒரு இரவும் விடாமல் ஓடுகிற பந்தயமாம். ஒரு காரை இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவார்களாம். குசினி வாசலில் நின்று நானும் எட்டிப் பார்த்திருக்கிறேன். சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறார்கள். ஒரு ஊருக்கும் போய்ச் சேரவில்லை. அதற்கு எவ்வளவு பெற்றோல்!

இன்னுமொரு கூத்து, காற்றாய்ப் பறக்கிற காரையும் அதற்கு ஈடு கொடுக்க ஏலாத காரையும் ஒன்றாகவே ஓட விடுகிறார்கள். கடைசியில் ஒவ்வொரு வகைக் காருக்கும் தனித்தனியாக முதலாம் இடம். நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் போட்டி வைத்தால் ஒரு ஆள்தான் முதலாவது வரும். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போவோம். காசுள்ளவர்களுக்குத் தோற்கக்கூடத் தெரியாது போல.

பார்த்ததோடு விட்டாரா? எங்கள் ஊர் கப்பல்துறையில் வருசப்பிறப்பு விளையாட்டு விழாவுக்கு வழக்கமாகத் தலையணைச் சண்டை, சாக்கு ஓட்டம் வைப்பார்கள். இந்த முறை மருமகனும் கூட்டாளிகளும் அதே மாதிரிப் பந்தயம் வைக்கப் போனார்கள். மோட்டார் சைக்கிள், ஓட்டோ, லேண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு மெசின், மூன்றும் ஒன்றாக மைதானத்தைச் சுற்ற வேண்டும். மத்தியானம் தொடங்கிப் பொழுது சாயுமட்டும். மூன்று வகைக்கும் மூன்று கப்.

எங்கள் ஓட்டோவின் இஞ்சின் அப்போதுதான் கராஜில் கிடந்து வந்திருந்தது. சூடேற விட்டால் இறுகிப்போகும் என்று கராஜ்காரர் சொல்லித்தான் விட்டவர். பந்தயத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை, விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்குகிறது. பிள்ளைகளை ஏற்றி இறக்கித்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. முதல் நாளே ஓட்டோ வராவிட்டால் தாய்மார் வேறு ஓட்டோவைப் பிடித்துவிடுவார்கள். பிறகு அந்த வருசம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

மருமகனோடு நான் நேரே கதைப்பதில்லை. அவரும் அப்படித்தான். ஒரே அறையில் நின்றாலும் மகளுக்கு ஊடாகத்தான் கதை போகும்.

"பிள்ளை, இஞ்சின் இறுகினா நாளைக்குப் பிள்ளையளை இவர் தோளிலயோ கொண்டு போறது எண்டு கேள்."

"கேட்டதுதானே உங்களுக்கு?" என்று புருசனைப் பார்த்தாள் மகள்.

"மாமிக்கு ரேஸ் எண்டா என்னெண்டு தெரியாது எண்டு சொல்லு."

"அம்மா, உங்களுக்கு ரேஸ் தெரியாதாம்."

"ஓம், தெரியாதுதான். சோறு எண்டா என்னெண்டு தெரியும் எண்டு சொல்லு."

மனுசன் சேர்ட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மகள் கோபத்தில் அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் புருசன் பட்டினி கிடக்கவும் மனம் வரவில்லை. சோற்றுப் பார்சலை என் கையில் தந்து அனுப்பினாள். நாலு பேர் பார்த்தாலே தலை நிமிராதவள் நான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மைதானத்துக் கயிற்றோரம் ஒதுங்கி நின்றேன்.

அந்தக் காட்சியை என்ன சொல்ல. ஒரே புழுதி. மோட்டார் சைக்கிள்கள் ஈ, இலையான் மாதிரி இரைந்துகொண்டு போயின. லேண்ட்மாஸ்டர் வயலுக்குப் போகிற அதே நடையில் போனது. அதை ஓட்டியவர் ஒரு கையால் வெற்றிலை போட்டுக்கொண்டார். ஒலிபெருக்கியில் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார்: "லேண்ட்மாஸ்டர் வகையில எங்கட அண்ணர்தான் முதலாவது!" அந்த வகையில் ஓடியதே அந்த ஒன்றுதான்.

ஓட்டோக்களில் எங்களுடையதுதான் முன்னுக்கு. மருமகன் ஹேண்டிலுக்கு மேலே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். பின்னால் வெள்ளைப் புகை. கருகின மணம் எனக்கே அடித்தது. அவருக்கு அடிக்கவில்லை. கைதட்டல் கேட்டால் ஆம்பிளைகளுக்கு மூக்கு வேலை செய்யாது.

கத்தி நிறுத்த என்னால் ஏலாது. பெயர் சொல்லிக் கூப்பிடவும் ஏலாது. அடுத்த சுற்றில் வரும்போது, சந்தியில் ஓட்டோ மறிப்பது போலக் கையை நெஞ்சளவுக்கு மெல்ல நீட்டினேன். அவ்வளவுதான்.

ஓட்டோ ஓரம் கட்டி என் காலடியில் நின்றது.

"எங்க போகோணும்?" என்று கேட்ட பிறகுதான் மருமகன் என் முகத்தைப் பார்த்தார்.

முழு மைதானமும் என்னைப் பார்த்தது. வெட்கத்தில் செத்தேன். ஒளிய வேறு இடம் இல்லை. "வீட்ட" என்று சொல்லிவிட்டுப் பின் சீற்றில் ஏறிவிட்டேன்.

"ஓட்டோவுக்கு ஹயர் கிடைச்சிட்டுது! ஹயர் கிடைச்சிட்டுது!" என்று ஒலிபெருக்கி கத்தியது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆள் ஏற்றினால் பந்தயத்திலிருந்து விலக்கு என்று அவர்களே எழுதி ஒட்டியிருந்தார்கள். வேறென்ன செய்வார், கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினார். அங்கே இரண்டு தரம் இருமிவிட்டு இஞ்சின் நின்றது.

"கப் எங்க?" என்றாள் மகள்.

"உன்ர அம்மாவைக் கேள்."

பொழுது சாய ஓட்டோக் கப் வேறொருவருக்குப் போனது. கப்பை மடியில் வைத்துக்கொண்டு வென்றவர் தன் ஓட்டோவுக்குள் இருந்தார். இஞ்சின் இறுகிப்போன அந்த ஓட்டோவைக் கயிற்றில் கட்டி லேண்ட்மாஸ்டர் இழுத்துக்கொண்டு போனது. எங்கள் வாசலால் போகும்போது மருமகன் எழுந்து உள்ளே போனார். நான் போகவில்லை. நன்றாகப் பார்த்தேன்.

விடிந்ததும் அவர் ஓட்டோவை ஒரு நோயாளியைப் போலத் தடவித் தடவிப் பார்த்தார். முதல் இழுப்பில் இஞ்சின் எடுக்கவில்லை. மகள் சிலுவை போட்டாள். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. முன்வீட்டுச் சின்னவள் புத்தகப் பையோடு ஏறிக்கொண்டே கேட்டாள்: "மாமா, நேற்று ஏன் இடையில நிண்டனீங்கள்?"

"ஆள் கை காட்டி நிக்காதவன் என்ன ஓட்டோக்காரன்?"

அதை ஏதோ வேதவாக்கு மாதிரிச் சொன்னார். மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். ஓட்டோ மெல்லக் கண்டி ரோட்டில் ஏறிப் போனது.